நாலரை மணித் தியானமும் ஏழே கால் மணிக் கோபமும்

கேள்வி:

எனக்கு 47 வயது. கும்பகோணத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. மாமியாருக்கு 81 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் சரியாக வரவில்லை. எல்லாம் படுக்கையில்தான். கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். கொழுந்தனார் சென்னையில், நாத்தனார் திருச்சியில். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், மகள் பிளஸ் டூ.

மனவளக்கலை மன்றத்தில் கற்றுக்கொண்ட தவத்தை ஒன்றரை வருடமாக விடாமல் செய்கிறேன். நாலரைக்கு எழுந்து நாற்பது நிமிடம். உட்கார்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கொழுந்தனார், நாத்தனார் பற்றி மனத்தாங்கலான எண்ணம் வந்தால் உடனே அதைத் தள்ளிவிட்டு ‘வாழ்க வளமுடன்’ சொல்லிவிடுவேன். ஆனால் ஏழே காலுக்கெல்லாம் மகளிடம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அத்தைக்கு ஊட்டும்போது அவர் வாயிலேயே வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தட்டை நங்கென்று வைத்துவிட்டு, ‘என் உயிரை வாங்குறதுக்குன்னே இப்படி பண்றீங்களா’ என்று கத்திவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவர், ‘தியானம் பண்றவ பேசற பேச்சா இது?’ என்றார். அன்றைக்கு முழுக்க வகுப்பில் நிற்கவே முடியவில்லை.

நான் செய்கிற தவம் பொய்யா? நேரத்தை இரண்டு மணி நேரமாகக் கூட்ட வேண்டுமா? இல்லை, இதற்கெல்லாம் நமக்குக் கொடுப்பினை இல்லை என்று விட்டுவிட வேண்டுமா? மன அமைதி எனக்கு எப்போதுதான் வரும்? (இரவு படுக்கப் பதினொன்று ஆகிவிடும். அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்கவும் டயப்பர் மாற்றவும் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டும்.)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்குப் பள்ளி விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, அத்தையின் இடப்பக்கமாகப் போய் உட்காருங்கள். விழாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்குக் கத்திட்டேன் அத்தை, மன்னிச்சிடுங்க” என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். பஸ், தூக்கம் என்று விளக்கமெல்லாம் வேண்டாம்.

பேச்சு போனவருக்கு எல்லாமே போய்விட்டது என்று பல வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு உடம்பின் வலப்பக்கம் விழுந்தவர்கள் பலருக்கு, சொல்ல நினைக்கிற சொல் வாயில் வராது. ஆனால் நாம் பேசுவது அவர்களில் நிறைய பேருக்குப் புரியும். சொல் புரியாவிட்டாலும் குரல் புரியும், முகம் புரியும். அதனால்தான் நேரில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறேன். அதே சமயம் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகையை அடக்கும் திறன் குறைந்துபோகும். சின்ன விஷயத்துக்கும், சில நேரம் காரணமே இல்லாமலும் கண்ணீர் வரும். அன்றைக்கு வந்ததில் எவ்வளவு உங்கள் சத்தத்தால், எவ்வளவு நோயால் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வாரமாக அதையே நினைத்து நீங்கள் உருகுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. மன்னிப்பு கேட்டால் இருவருக்கும் பயன் உண்டு.

சரி, இனி உங்கள் கேள்வி.

நேரத்தைக் கூட்டாதீர்கள். விடவும் வேண்டாம். குறையுங்கள். இருபது நிமிடம் போதும், அதுவும் ஐந்து மணிக்கு மேல். ஒரு மனநல ஆலோசகர் தியானத்தைக் குறைக்கச் சொல்வது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்து, நடுவில் இரண்டு முறை விழிக்கிறவருக்கு ஐந்து மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது, அதுவும் துண்டு துண்டாக. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் கோபத்தையும் பயத்தையும் கிளப்புகிற மூளைப் பகுதி சட்டென்று விழித்துக்கொள்ளும். அதைப் பிடித்து நிறுத்துகிற மூளையின் முன்பகுதி சோர்ந்து கிடக்கும். இரண்டு வருடமாக இப்படி நடக்கிற ஓர் உடம்பு ஏழே கால் மணிக்குக் கத்தியது என்றால் அதில் ஆன்மிகத் தோல்வி எதுவும் இல்லை. நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார முடிவுசெய்தால் அந்த நேரத்தைத் தூக்கத்திலிருந்துதான் எடுப்பீர்கள். அப்போது ஏழே காலுக்கு வரும் கோபம் ஆறே முக்காலுக்கே வந்துவிடும்.

‘உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருக்கிறது, பிறகு போய்விடுகிறது’ என்பதுதான் உங்களுக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அந்த நாற்பது நிமிடத்தில் உங்களை யாரும் கூப்பிடுவதில்லை. குக்கர் விசில் இல்லை, மகளின் சாக்ஸ் காணாமல் போகவில்லை. அந்த நேரத்து அமைதி உண்மையானதுதான், ஆனால் அது சூழ்நிலை கொடுத்த அமைதி. சூழ்நிலை மாறும்போதும் நிற்கிற அமைதி வேறு. அது எவ்வளவு கடினம் என்பதை உங்கள் பகுதியில் வாழ்ந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரண்மனையில் கணக்கு வேலை பார்த்தவர் தாயுமானவர். மதயானையை வசமாக நடத்தலாம், கரடியின் வாயையும் புலியின் வாயையும் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறிக்கொள்ளலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று முடிப்பார். அவர் பாடி வைத்ததை ஒன்றரை வருடத்தில் முடித்துவிட வேண்டும் என்று நீங்கள் உங்களிடமே கறாராக இருப்பது சரியில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி இதுவல்ல. கொழுந்தனார், நாத்தனார் பற்றி எண்ணம் வந்தால் உடனே தள்ளிவிட்டு வாழ்த்துச் சொல்லிவிடுகிறேன் என்கிறீர்களே, அதுதான்.

வாழ்த்துவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் எதை மூடுவதற்காக வாழ்த்துகிறோம் என்று பார்க்க வேண்டும். ஒரே தாய்க்குப் பிறந்த மூன்று பேரில் ஒருவர் வீட்டில் மட்டும் அந்தத் தாய் இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறார். அந்த ஒருவர் வீட்டிலும் இரவில் எழுந்திருப்பவர் மருமகள். இது நியாயம்தானா என்ற கேள்வி உங்களுக்குள் தினமும் காலையில் எழுகிறது. எழுந்ததும் அதன் வாயைப் பொத்திவிடுகிறீர்கள். நான் பார்க்கிறவர்களில், குறிப்பாகப் பெண்களில், இது மிகவும் அதிகம். பக்தியும் தியானமும் உள்ளவர்கள் தங்கள் கோபத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். கோபம் வந்தாலே பயிற்சி வீணாகிவிட்டதாக நினைத்து, வந்த சுவடு தெரியாமல் அழிக்கப் பார்க்கிறார்கள்.

அது அழிவதில்லை. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் ஓர் எளிய சோதனை செய்தார். மாணவர்களிடம், வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். அவர்கள் மணியடித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு, இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலிலேயே நினைக்கலாம் என்று அனுமதி பெற்றவர்களைவிட அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்த எண்ணம் அதிகமாக வந்தது. நீங்கள் நாலரைக்குத் தள்ளிவைப்பது ஏழே காலுக்குத் திரும்பி வருகிறது. வரும்போது கொழுந்தனாரின் முகத்தோடு வருவதில்லை. மகளின் சாக்ஸாக வருகிறது, அத்தையின் வாயில் நிற்கும் சோறாக வருகிறது.

திருக்குறளில் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்.’ சினம் செல்லுபடியாகிற இடத்தில் காப்பவன்தான் காப்பவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்கிறார். இதை வைத்து உங்கள் வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் கோபம் செல்கிற இடம் எது? மகள், படுத்திருக்கிற மாமியார். இருவரும் திருப்பிக் கேட்க முடியாதவர்கள். செல்லாத இடம்? கொழுந்தனார், நாத்தனார், ஓரளவுக்குக் கணவர். அங்கே நீங்கள் மிகவும் பொறுமையாக இருக்கிறீர்கள், வாழ்த்துகிறீர்கள். காக்க வேண்டிய இடத்தில் சினம் கொட்டுகிறது, பேசித் தீர்க்க வேண்டிய இடத்தில் வாய் மூடிக்கிடக்கிறது. உங்களை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. நம் வீடுகளில் பெண்களை இப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். மேலே பேசினால் ‘வாயாடி’, கீழே கத்தினால் அது கணக்கிலேயே வராது. ஆனால் அமைதியை வழிபாடாக எடுத்துக்கொண்டவர் இந்தத் திசையைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் மன்றத்தின் முறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், கடைசிவரை குடும்பஸ்தர்களுக்காகப் பேசியவர். அவர் தவத்தை மட்டும் தனியாகக் கொடுக்கவில்லை. உடற்பயிற்சி, உயிராற்றலைக் காக்கும் காயகல்பப் பயிற்சி, தவம், தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்கும் அகத்தாய்வு என்று சேர்த்தே வைத்தார். அகத்தாய்வில் சினம் தவிர்த்தல் என்றே ஒரு பகுதி வருகிறது. யார்மேல் சினம் வருகிறது, எதற்காக வருகிறது என்று காகிதத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லும் பயிற்சி அது. நீங்கள் ஒன்றரை வருடத் தவத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அகத்தாய்வைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தவத்திலிருந்து எடுத்த இருபது நிமிடத்தில் பத்து நிமிடத்தை வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம்போல, இதற்குக் கொடுங்கள். மீதியை எல்லாம் தூக்கத்துக்குக் கொடுங்கள். எழுதும்போது அழகாக எழுத வேண்டாம். “சென்னையில் இருக்கிறவர் தீபாவளிக்கு வந்து அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ‘அண்ணி நல்லா பாத்துக்கறாங்க’ என்று சொல்லிவிட்டு மறுநாள் ரயில் ஏறிவிட்டார்” என்ற அளவுக்கு, நடந்தது நடந்தபடி எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு வாழ்த்துங்கள். அந்த வாழ்த்து முழு மனத்தோடு வருகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் அன்றைக்கு வாழ்த்த வேண்டாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்து, ஊட்டும் நேரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய பயிற்சி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அத்தையின் உயிர்ப் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

வலப்பக்கம் விழுந்தவருக்கு வாயின் வலப்பக்கமும் விழுந்திருக்கலாம். சோறு வலது கன்னத்தில் தங்கிவிடும், தங்கியிருப்பது அவருக்கே தெரியாது. விழுங்கும் தசைகளும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அன்றைக்கு அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தது பிடிவாதத்தால் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவசரப்படுத்தினால் புரையேறும். புரையேறியது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு அது பெரிய ஆபத்து. எனவே, நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்கும் வலது தோளுக்கும் தலையணை கொடுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டாதீர்கள். அவர் நிமிர்ந்து பார்த்தால் தொண்டை விரிந்து புரையேற வசதியாகிவிடும். அவர் கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ உட்காருங்கள், மோவாய் லேசாகக் குனிந்திருக்கட்டும். சின்ன ஸ்பூனில் பாதி. வாயின் இடப்பக்கமாக வையுங்கள்.

அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தொண்டையைப் பாருங்கள். விழுங்கும்போது குரல்வளை ஒரு முறை மேலே ஏறி இறங்கும். வயதானவர்களின் மெலிந்த கழுத்தில் அது நன்றாகத் தெரியும். ஏறி இறங்கும்வரை அடுத்த ஸ்பூனை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். கை தானாக ஸ்பூனை நிரப்பப் போகும். தோள் காதுப் பக்கம் ஏறும். பல்லைக் கடிப்பீர்கள். மனம் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடும். போனது தெரிந்ததும் மறுபடி அந்தத் தொண்டைக்கு வாருங்கள். தவத்தில் மூச்சிலும் புருவ மத்தியிலும் எதைச் செய்யப் பழகினீர்களோ அதையேதான் இங்கேயும் செய்கிறீர்கள். இங்கே கவனம் போனால் ஒரு மனிதருக்குப் புரையேறும் என்பதால் மனம் கொஞ்சம் சீக்கிரமே திரும்பி வரும். சாப்பாடு முடிந்ததும் கன்னத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து வாயைத் துடைத்துவிட்டு, அரை மணி நேரமாவது அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் மாறுவது, அடிக்கடி காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இது சமையல்கட்டு வேலை, தியானம் வேறு என்று ஒரு எண்ணம் நமக்கு உண்டு. திருவண்ணாமலையில் ரமணர் பல வருடம் விடிவதற்கு முன்பே ஆசிரமச் சமையல்கட்டுக்குப் போய்க் காய் நறுக்கியவர், சட்னி அரைத்தவர். வீட்டை விட்டு வந்து அங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கேட்ட குடும்பஸ்தர்களை அவர் ஊக்கப்படுத்தவில்லை. எங்கே போனாலும் மனமும் கூட வரும், அதை இருக்கிற இடத்திலேயே பார் என்பதுதான் அவர் வழி. உங்கள் பூஜை அறையைவிட அத்தையின் கட்டில் குறைந்த இடம் இல்லை.

ஆனால் இப்படி ஊட்ட அரை மணி நேரமாவது ஆகும். பஸ் பிடிக்கிற காலையில் உங்களிடம் அது இல்லை. இல்லாத நேரத்தை மன அமைதியால் உண்டாக்க முடியாது. ஆகவே காலை ஊட்டலை நீங்கள் செய்யக் கூடாது. இரவுச் சாப்பாட்டை நீங்கள் ஊட்டுங்கள், மேலே சொன்னபடி, அவசரமில்லாமல்.

காலையில் யார் ஊட்டுவது? உங்கள் கணவர். தட்டை நங்கென்று வைத்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கிற தூரத்தில் இருந்தார் என்பது மட்டும் தெரிகிறது. ‘தியானம் பண்றவ பேசற பேச்சா இது’ என்ற வார்த்தை உங்களை அறைந்தது எனக்குப் புரிகிறது. ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்ள எடுத்த பயிற்சியை அவரையே அடிக்கும் கோலாக்குவது நியாயமில்லை, அதைச் சொன்னவர் வேண்டுமென்று சொல்லாவிட்டாலும். தாயின் கண்ணீரைப் பார்த்துத் தாங்காமல் அவர் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்.

எப்படிக் கேட்பது? கோபம் இருக்கும்போது கேட்காதீர்கள், ஆனால் கோபம் தணிந்ததும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடவும் வேண்டாம். சனிக்கிழமை மாலை, மகள் டியூஷன் போயிருக்கும்போது உட்காருங்கள். “எனக்கு உதவி பண்ணுங்க” என்று தொடங்காதீர்கள். அது உங்கள் வேலையில் அவர் உதவுவதாக ஆகிவிடும். “அம்மாவுக்குக் காலைச் சாப்பாடு இனிமே நீங்கதான் குடுக்கணும். எப்படின்னு நான் ரெண்டு நாள் கூட இருந்து காட்டறேன். ராத்திரி ஒரு தடவை எழுந்திருக்கறது நீங்க, ஒரு தடவை நான்” என்று எண்ணிச் சொல்லுங்கள். அவர் முகம் மாறும். மாறட்டும். அந்த நிமிடத்தில் பதற்றப்பட்டு “சரி விடுங்க, நானே பாத்துக்கறேன்” என்று சொல்லாமல் இருப்பதும் உங்கள் பயிற்சிதான். கொழுந்தனாரிடமும் நாத்தனாரிடமும் பேச வேண்டியது அவருடைய பொறுப்பு: வருடத்தில் இத்தனை வாரம் அம்மா அங்கே, அல்லது பகல் நேரத்துக்கு ஆள் வைக்க மாதம் இவ்வளவு. ‘முடிஞ்சப்ப பாக்கறோம்’ என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

நீதிமன்றம்வரை போகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது உங்கள் குற்ற உணர்ச்சிக்கு நல்லது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007இல் வந்த மத்தியச் சட்டம், பெற்றோரைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர்களாக மகன், மகள், பேரன், பேத்தி என்று சொல்கிறது. அந்தப் பட்டியலில் மருமகள் இல்லை. நீங்கள் செய்வது அன்பால் செய்வது. கடமை அந்த மூன்று பேருடையது.

ஊரில் கிடைப்பதையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவும் தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். காற்றுப் படுக்கை வாங்கினால் படுக்கைப் புண் வரும் வாய்ப்பு குறையும். இரவில் எத்தனை முறை புரட்ட வேண்டும் என்பதை வருகிற செவிலியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் சம்மதித்து இரவில் ஒரு முறை குறைந்தால்கூட உங்கள் தூக்கத்துக்கு அது மிகப் பெரிய லாபம்.

மகளுக்கு வருகிறேன். பிளஸ் டூ படிக்கிற பெண் இந்த வருடம் முழுக்க ஏழே கால் மணிக்கு உங்கள் கத்தலைக் கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாள். கோபம் ஏறுவது முதலில் உடம்பில்தான் தெரியும். உங்களுக்கு எங்கே தெரிகிறது என்று பாருங்கள், தொண்டையிலா, காது மடலிலா, உள்ளங்கையிலா. தெரிந்ததும் பேச வேண்டியதைப் பேசாமல், சிங்க்கில் கையை நீட்டிக் குழாயைத் திறந்து, மூச்சை இழுத்ததைவிட நீளமாக மூன்று முறை விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும். நீளமாக விட்டால் உடம்பு கொஞ்சம் இறங்கும். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். பாதி நாள் இது மறந்துபோகும். மறந்து கத்திவிட்டால், அவள் சைக்கிளை எடுப்பதற்குள் வாசலுக்குப் போய், “சத்தம் போட்டுட்டேன்டி, உன் மேல இல்ல” என்று சொல்லி அனுப்புங்கள். மாலைவரை தள்ளிவைக்காதீர்கள். அம்மாவுக்குக் கோபம் வரும், அம்மா திரும்பி வருவாள் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். கோபமே வராத அம்மாவை அவள் கேட்கவில்லை.

உடம்பையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 47 வயதில் மாதவிடாய் மாறத் தொடங்கியிருக்கலாம். இரவில் வியர்வை, படபடப்பு, திடீர் எரிச்சல் இருக்கிறதா என்று கவனித்து மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் சேர்ந்து வாட்டும்போது, தனக்கு ஆன்மிகப் பக்குவம் இல்லை என்று தன்னையே நொந்துகொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு அவர்களுடைய தியானமும் எளிதாகிவிட்டது.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், பசி தூக்கம் மாறி, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்துபோகிறதா? வகுப்பில் நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன். அப்படி இருந்தால் தியானத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை நாள் முழுக்க, கட்டணமில்லாமல், தமிழிலேயே கிடைக்கிறது. கூப்பிடுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

மன அமைதி எப்போது வரும் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி, ஒரு நாள் வந்து அப்புறம் போகாமலே இருக்கிற ஒன்றாக அது வரும் என்று நான் சொல்ல மாட்டேன். இரவில் ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் நடுவில் அரை நிமிடம் இருக்கும், அதை நீங்கள் கவனிப்பீர்கள். கணவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அவர் முகம் மாறினாலும் குரல் உயராமல் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு நாள் நாலரைக்கு விழிப்பு வந்து, இன்னும் அரை மணி நேரம் தூங்கலாம் என்று குற்ற உணர்ச்சி இல்லாமல் திரும்பிப் படுப்பீர்கள். இவையெல்லாம் அமைதிதான்.

மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். தவத்தில் என்ன தெரிந்தது என்று எழுத வேண்டாம். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், காலையில் அத்தைக்கு யார் ஊட்டுகிறார்கள், சென்னையிலிருந்து என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.